கடமை தொடங்கும் வயதில் முடிந்துவிடும் ஓதல்

 



நம் மஹல்லாவில் ஒரு பிள்ளை குர்ஆனை ஓதி முடித்துவிட்டால் வீட்டில் பெருமகிழ்ச்சி. பள்ளிவாசலுக்கு இனிப்பு வருகிறது; உஸ்தாதுக்கு வேட்டி சட்டை வருகிறது. பெரும்பாலும் அப்போது பிள்ளைக்கு வயது பதினொன்றோ பன்னிரண்டோ இருக்கும். மறுவாரம் முதல் அப்பிள்ளை மக்தபுக்கு வருவதில்லை. "ஓதி முடித்தாயிற்று ஹஜ்ரத், இனி டியூஷனுக்கே நேரம் போதவில்லை" என்கின்றனர் பெற்றோர்.

ஷரீஅத்தின் கடமைகள் எப்போது தொடங்குகின்றன? பருவமடைந்த பின்னர்தான். ஏழு வயதில் தொழுமாறு ஏவச் சொன்னது பயிற்சிக்காக. ஆக, பயிற்சிக் காலம் முழுவதும் ஓத அனுப்பிவிட்டு, கடமை வந்து சேரும் நாளில் நாம் கிதாபை மூடி வைத்துவிடுகிறோம்.

இதன் விளைவை நான் கண்ணால் கண்டேன். எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவர். மக்தபில் நன்றாக ஓதியவர். குளிப்பின் ஃபர்ளு எத்தனை என்று கேட்டால் உடனே ஒப்புவிப்பார். ஆனால் அக்குளிப்பு எப்போது கடமையாகும் என்பதை அவருக்கு எவரும் விளக்கவில்லை. பல மாதங்கள் அதை அறியாமலேயே தொழுது வந்திருக்கிறார். அவருடைய தந்தைக்கு வெட்கம். உஸ்தாதாகிய எனக்கோ, பிள்ளை சிறுவன்தானே என்ற எண்ணம். உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் சபையில், சத்தியத்தைக் கூற அல்லாஹ் வெட்கப்படுவதில்லை என்று முன்னுரைத்துவிட்டுப் பெண்ணின் குளிப்பைப் பற்றி நேரடியாகக் கேட்ட செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. மார்க்கத்தைக் கற்பதில் அன்ஸாரிப் பெண்களை வெட்கம் தடுக்கவில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்துள்ளார்கள். நம் வெட்கம் எந்த வகையைச் சேர்ந்தது?

இன்னொரு நிகழ்ச்சியைச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு, எனினும் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் மஃரிபுக்குப் பின் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், எல்லாம் முன்பே எழுதப்பட்டுவிட்டது என்கிறீர்களே, பிறகு நான் தேர்வுக்குப் படித்து என்ன பயன்?" என்று கேட்டார். நான், "இதெல்லாம் ஷைத்தானின் ஊசலாட்டம். இப்படிக் கேட்கக் கூடாது, போ" என்று அனுப்பிவிட்டேன். அதன்பின் அவர் ஜும்ஆவுக்கு மட்டும் வந்தார். கடைசி ஸஃப்பில் நின்று, ஸலாம் கொடுத்தவுடன் சென்றுவிடுவார்.

அன்றிரவு படுத்தபின்தான் நினைவுக்கு வந்தது. அதே கேள்வியை ஸஹாபாக்கள் கேட்டிருக்கிறார்கள். அந்த ஹதீஸை உஸ்தாதுக்கு முன் அமர்ந்து நான் ஓதியுமிருக்கிறேன். மதீனாவின் பகீஉ அடக்கத்தலத்தில் ஒரு ஜனாஸா. நபி (ஸல்) அவர்கள் கையிலிருந்த குச்சியால் தரையைக் கீறியவாறு, ஒவ்வொருவருடைய இருப்பிடமும் எழுதப்பட்டுவிட்டது என்றார்கள். அப்படியானால் அமலை விட்டுவிட்டு அந்த எழுத்தையே நம்பி இருந்துவிடலாமா என ஒருவர் கேட்டார். அண்ணலார் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. செயல்படுங்கள், அவரவருக்கு அவரவர் பாதை எளிதாக்கப்படும் என்று விளக்கி, அல்லைல் அத்தியாயத்தின் வசனங்களையும் ஓதிக் காட்டினார்கள். அலீ (ரலி) அவர்கள் இதை அறிவிக்கிறார்கள். விதியைக் குறித்துத் தர்க்கம் செய்தவர்களைக் கண்டித்த ஹதீஸும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அம்மாணவர் தர்க்கம் செய்ய வரவில்லை, ஐயம் தீர வந்தார். அந்த வேறுபாடு எனக்குத் தெரியாமல் போயிற்று.

பெருமக்களே! பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளை கேட்கும். உயிரியல் பாடத்தில் படித்ததையும் வீட்டில் கேட்டதையும் ஒப்பிட்டுப் பார்க்கும். பள்ளிவாசலில் விடை இல்லையெனில், கைபேசியில் எவரோ ஒருவர் விடை சொல்லக் காத்திருக்கிறார். அவர் ஆலிமா, மார்க்கத்தைக் கேலி செய்பவரா என்பதைப் பிரித்தறிய நாம் பிள்ளைக்குக் கற்றுத் தரவில்லை.

ஜுன்துப் (ரலி) அவர்களின் கூற்று இப்னுமாஜாவில் பதிவாகியுள்ளது. பருவத்தை நெருங்கிய வாலிபர்களாக இருந்த தாங்கள், நபி (ஸல்) அவர்களிடம் குர்ஆனைக் கற்குமுன் ஈமானைக் கற்றதாகவும், பின்னர் குர்ஆனைக் கற்று ஈமானை அதிகப்படுத்திக் கொண்டதாகவும் கூறுகிறார்கள். நம் பிள்ளைகள் எழுத்தைக் கற்று முடிக்கிறார்கள். ஈமானைக் கற்கும் வயது வரும்போது மக்தபில் அவர்கள் இல்லை.

பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்க முடியாது. முற்றிலும் அரசு நிதியில் நடைபெறும் கல்விக்கூடங்களில் சமய போதனை கூடாது என்கிறது நம் அரசியல் சாசனத்தின் 28ஆவது பிரிவு. இலங்கையில் சாதாரண தரம் வரை இஸ்லாம் ஒரு பாடம்; இங்கு அந்நிலை இல்லை. அண்டை மாநிலமான கேரளத்தைப் பாருங்கள். அங்கும் அதே சாசனம்தான். 1951இல் தொடங்கப்பட்ட சமஸ்தாவின் மதக் கல்வி வாரியம் 5, 7, 10, 12ஆம் வகுப்பு மத்ரஸா மாணவர்களுக்குப் பொதுத்தேர்வே நடத்துகிறது. பள்ளிக்கூடத் தேர்வுக்குப் படிக்கும் அதே பிள்ளைகள் இதையும் எழுதுகின்றனர். நேரமில்லை என்ற நம் சாக்கு அங்கே எடுபடவில்லை.

ஜமாஅத் நிர்வாகிகளின் ஒப்புதலோடு, இன்ஷா அல்லாஹ், வரும் ஞாயிறு முதல் ஃபஜ்ருக்குப் பின் ஒரு மணி நேரம் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு வகுப்பு நடைபெறும். மாணவியருக்கு அதே நாளில் அஸருக்குப் பின் நம் ஊர் ஆலிமா பெண்மணி ஒருவர் நடத்துவார். பிரம்பு இருக்காது, மனப்பாடமும் குறைவு. வாசலில் ஒரு பெட்டி வைக்கப்படும். பெயரின்றிச் சீட்டில் எழுதிப் போடலாம். விடை எனக்குத் தெரியாவிட்டால் தெரியாது என்பேன். கிதாபைப் பார்த்தோ பெரிய உலமாக்களிடம் கேட்டோ மறுவாரம் சொல்வேன். பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை என்ன எழுதிப் போட்டது என்று என்னிடம் கேட்காதீர்கள்.

அந்தப் பத்தாம் வகுப்பு மாணவர் இப்போது வெளியூரில் பொறியியல் படிக்கிறார். பெருநாள் விடுமுறைக்கு ஊர் வருவார் என்று அறிந்தேன். இம்முறை அவர் கடைசி ஸஃப்பிலிருந்து எழுந்து செல்லுமுன் நானே வாசலுக்குச் சென்று காத்திருக்க நிய்யத் வைத்துள்ளேன். பகீஇல் நடந்ததை அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை.