பயோ படித்தால் லேப் மட்டும்தானா?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். இவர் எதற்கு உயிரியல் பற்றிப் பேசுகிறார் என்று தோன்றலாம். என் தங்கை மகள் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்து கிளினிகல் ரிசர்ச்சில் இருக்கிறாள். அவளைக் குடைந்து குடைந்து கேட்டதைத்தான் சொல்லப் போகிறேன். பயோடெக், பயோகெமிஸ்ட்ரி, ஜுவாலஜி படிக்கிற பிள்ளைகள் நம் பிளாக்குகளில் பலர் உண்டு. அவர்களைப் பார்த்தால் லிப்டிலேயே, "இதைப் படிச்சு என்ன பண்ணப் போறே?" என்று கேட்டுவிடுகிறோம்.

புது மருந்து கடைக்கு வருமுன் மனிதர்களிடம் படிப்படியாகச் சோதிக்கப்படுகிறது. அதுதான் கிளினிகல் டிரயல். இதில் சென்னைக்குப் பழைய பெருமை உண்டு. 1956-ல் இங்கே தொடங்கிய காசநோய் ஆய்வில், ஒரே மருந்துகளைச் சிலருக்கு சானடோரியத்திலும் சிலருக்கு வீட்டிலும் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தேறினார்கள். காசநோய் என்றால் வீட்டைவிட்டுப் போய் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும் என்ற நிலை மாற அது பெரிய காரணம். அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

சரி, நம் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை? சிகிச்சை டாக்டரின் பொறுப்பு. அவருக்குத் துணையாக மருத்துவமனையில் கோ-ஆர்டினேட்டர் ஒருவர் இருப்பார். பெரும்பாலோர் நுழைகிற வாசல் இதுதான். நோயாளியின் ஒப்புதல் படிவம் சரியாக இருக்கிறதா, குறித்த நாளில் வந்தாரா, மாத்திரை எத்தனை மீதி, எல்லாம் அவர் கணக்கு. நோயாளிக்குப் படிக்கத் தெரியாவிட்டால், நடுநிலையான சாட்சி கூடவே இருந்து கையெழுத்துப் போட வேண்டும். கைநாட்டு வாடிக்கையாளருக்கு நாங்கள் சாட்சி கேட்டது போலத்தான். எழுதியதில் தவறு என்றால் ஒயிட்னர் கூடாது. பழையது தெரியும்படி ஒரே கோடு போட்டு, சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். இதைக் கேட்டதும் எனக்கு என் லெட்ஜர் ஞாபகம் வந்துவிட்டது!

ஒரு வித்தியாசம் உண்டு. எங்கள் கணக்கு உதைத்தால் ராத்திரி உட்கார்ந்து தேடுவோம். அங்கே ஓர் ஆளின் உயிர். ஆய்வில் இருப்பவருக்குக் கடுமையான பாதிப்பு வந்தால் 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும் என்கின்றன 2019-ம் ஆண்டு விதிகள். ஞாயிற்றுக்கிழமை என்று சொல்ல முடியாது. பொறுமையும் நேர்மையும் இல்லாத பிள்ளைக்கு, எவ்வளவு மார்க் வாங்கியிருந்தாலும், இந்த வேலை வேண்டாம்.

அனுபவம் வந்தால் மானிட்டர் ஆகலாம். ஊர் ஊராகப் போய்ப் பதிவுகளைச் சரிபார்க்கும், நம் இன்ஸ்பெக்ஷன் மாதிரியான வேலை. ஊர் சுற்றப் பிடிக்காதவர்களுக்கு டேட்டா மேனேஜ்மென்ட், மருந்தின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் பார்மகோவிஜிலன்ஸ் என்று ஆபீஸ் வேலைகளும் உண்டு.

பெற்றோரிடம் ஒன்று. "100 சதவீத வேலை உத்தரவாதம்" என்று லட்சக்கணக்கில் ஃபீஸ் கேட்கும் கோர்ஸ்களுக்கு அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள். இப்படி ஏதோ ஒரு கோர்ஸுக்காக டெபாசிட்டைப் பாதியில் உடைத்த அப்பாக்களை கவுன்டரில் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த உத்தரவாதத்தை எழுத்தில் கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும். 'குட் கிளினிகல் பிராக்டிஸ்' என்ற அடிப்படைப் பயிற்சி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதலில் அதை முடிக்கட்டும். பிறகு சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டைத் திறக்கட்டும். 2009 முதல் டிரயல்களை அதில் பதிவது கட்டாயம். எந்த மருத்துவமனை, பொறுப்பு டாக்டர் யார் என்று யாரும் பார்க்கலாம். பக்கத்தில் இருக்கும் நான்கைந்து மருத்துவமனைகளைக் குறித்துக்கொண்டு, நேரில் போய் பயிற்சிக்கு இடம் கேட்கலாம். ஆரம்பச் சம்பளம் ஐ.டி. பிள்ளைகள் அளவுக்கு இருக்காது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு மாலை என் தங்கை மகள் இங்கே வருகிறாள். பிள்ளைகளை அனுப்புங்கள், அவர்களே கேட்டுக்கொள்ளட்டும்.