பழைய டீசல் எஞ்சினில் எண்ணெய் ஓட்டம் தடைப்படின் செய்யவேண்டியவை
(கமக்காரர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

புழுதி விதைப்புக்கு நிலத்தைப் பண்படுத்தும் காலம் நெருங்கிவிட்டது. வானம் கறுத்துவரும் வேளையில் உழவியந்திரம் வயல் நடுவே நின்றுவிடின், நட்டம் அன்றைய கூலியோடு முடிவதில்லை. காலபோகத்தின் விளைச்சலே குறைந்துபோகும். அந்நேரத்தில் பலர் பற்றரி இறங்கும்வரை எஞ்சினைச் சுழற்றிப் பார்க்கின்றனர். பின்னர் விலை மிகுந்த பம்பியைக் கழற்றத் தொடங்குகின்றனர். பழுதோ பெரும்பாலும் ஒரு துளி நீரிலோ, ஒரு துகள் கறளிலோ, தளர்ந்த சுரையிலோ இருக்கும். எனவே, தாங்கியில் தொடங்கி எஞ்சின்வரை படிப்படியாகப் பழுதைத் தேடும் முறையை இன்று கூற விரும்புகின்றேன்.

எடுத்துக்காட்டாக, நம் வயல்கள் நன்கறிந்த மாசி பேர்குசன் 135 உழவியந்திரத்தின் பேர்க்கின்சு மூவுருளை டீசல் எஞ்சினைக் கொள்வோம். தாங்கியிலுள்ள டீசலை ஏற்றுப் பம்பி இழுத்து வடிக்கு அனுப்புகின்றது. வடியிலே தூய்மையான எண்ணெய் உட்பாய்ச்சற் பம்பிக்குச் செல்கின்றது. அப்பம்பி அதனை மிகுந்த அமுக்கத்துடன் நொசில்களுக்குத் தள்ள, நொசில்கள் உருளைகளுள் நுண்துளிகளாகத் தெளிக்கின்றன. தோட்டங்களில் நீரிறைக்கும் ஓருருளை எஞ்சின்கள் பலவற்றில் தாங்கி மேலே இருப்பதால் ஏற்றுப் பம்பி இராது, ஏனையவை ஒன்றே.

முதலாவதாக, எஞ்சினை நிறுத்தும் பிடி முழுவதும் உள்ளே தள்ளப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். இது வெளியே இழுத்தபடி இருக்க, வீணே பாடுபட்டவர் பலர். அடுத்து, எஞ்சினைச் சுழற்றும்போது புகைபோக்கியைக் கவனியுங்கள். புகையே வராவிடின் உருளைக்குள் எண்ணெய் சேரவில்லை. வெண்புகை வந்தும் எஞ்சின் பிடிக்காவிடின் எண்ணெய் சேர்கின்றது, ஆனால் எரியவில்லை. எண்ணெயில் நீர் கலந்திருத்தலோ உருளையில் அமுக்கம் குறைந்திருத்தலோ காரணமாகலாம். பிடித்துச் சிறிது நேரத்தில் நின்றால் காற்றையோ அடைப்பையோ தேடவேண்டும். சும்மா நிற்கையில் நன்றாக ஓடி, கலப்பையை இறக்கியதும் சோர்ந்தால் வடி அடைபட்டிருத்தல் கூடும். கரும்புகை கக்கினால் எண்ணெய்க் குறைவன்று. காற்று வடியைத் துப்புரவாக்குங்கள்.

இரண்டாவதாகத் தாங்கியைப் பாருங்கள். அதன் மூடியிலுள்ள சிறு துவாரம் சேற்றால் அடைபட்டால் உள்ளே காற்றுப் புகாது; எண்ணெயும் இறங்காது. மூடியைத் தளர்த்தியதும் எஞ்சின் சீராக ஓடினால் பழுது அகப்பட்டுவிட்டது. அதன் பின்னரும் குறை இருந்தால், ஏற்றுப் பம்பிக்கு வரும் குழாயைக் கழற்றி, தாங்கியின் திருகியைத் திறந்து பாருங்கள். எண்ணெய் தடையின்றி ஓடவேண்டும். நூல்போல ஒழுகினால் திருகியிலோ குழாயிலோ அடைப்பு உண்டு.

மூன்றாவதாக ஏற்றுப் பம்பி. அதன் கைநெம்பை அடிக்கும்போது எண்ணெய் விட்டுவிட்டுப் பாயவேண்டும். நெம்பு தளர்வாக இருந்தால் பம்பி கெட்டதென உடனே முடிவுசெய்யவேண்டாம். எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் அடியுங்கள். பம்பியினுள் இருக்கும் மென்றகடு கிழிந்தால் டீசல் எஞ்சினுள் இறங்கி மசகெண்ணெயுடன் கலந்துவிடும். அளவுக்கோலை இழுத்துப் பாருங்கள். மட்டம் உயர்ந்து டீசல் மணம் வீசினால் எஞ்சினை ஓட்டவேகூடாது. மென்றகட்டை மாற்றி, மசகெண்ணெயையும் முழுவதும் மாற்றியபின்பே ஓட்டுங்கள். சிறு உறுப்பின் செலவுக்கு அஞ்சி எஞ்சினையே இழக்கவேண்டாம்.

காற்றுப் புகும் இடத்தைக் காண்பதில் ஒரு நுட்பம் உண்டு. ஏற்றுப் பம்பிக்கு அப்பாலுள்ள பொருத்து தளர்ந்தால் எண்ணெய் வெளியே கசியும், கண்ணுக்குத் தெரியும். தாங்கிக்கும் பம்பிக்கும் இடையே தளர்ந்தால், எஞ்சின் ஓடும்போது காற்று உள்ளே இழுக்கப்படும். வெளியே ஈரமே தெரியாதிருக்கலாம். ஆகவே அப்பகுதியின் சுரைகளை இறுக்கி, நசிந்த செப்பு வாசர்களை மாற்றிவிடுங்கள்.

வடியைக் கழற்றியபோதும், தாங்கி வற்றியபோதும் குழாய்களில் காற்று நிறைந்துவிடும். அதனை வெளியேற்றும் ஒழுங்கு இது. முதலில் வடியின் மேலுள்ள திருகாணியைத் தளர்த்தி, குமிழியில்லாத எண்ணெய் வரும்வரை கைநெம்பை அடித்து இறுக்குங்கள். பின்னர் உட்பாய்ச்சற் பம்பியின் பக்கத்திலும் மேலும் உள்ள திருகாணிகளில் அவ்வாறே செய்யுங்கள். கடைசியாக, எண்ணெய்ப் பிடியை முழுதும் திறந்து, நொசில்களில் இரண்டின் குழாய்ச் சுரைகளை ஒரு சுற்றுத் தளர்த்தி எஞ்சினைச் சுழற்றுங்கள். எண்ணெய் வந்ததும் இறுக்குங்கள். ஒரே மூச்சில் நெடுநேரம் சுழற்றாது இடையிடையே பற்றரிக்கு ஓய்வு கொடுங்கள்.

எஞ்சின் ஓடியும் தடுமாறினால், மெதுவாக ஓடவிட்டு, நொசில்களின் சுரைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்குங்கள். தளர்த்தியபோது ஓட்டம் குறைந்தால் அவ்வுருளை வேலை செய்கின்றது. மாற்றமே இல்லையெனில் குறை அங்கேதான். அந்த நொசிலைக் கழற்றிப் பரிசோதனைக் கருவியுள்ள இடத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். உட்பாய்ச்சற் பம்பியை மட்டும் வீட்டில் திறக்கவேண்டாம். அதன் உறுப்புகள் மயிரிழையிலும் நுண்ணிய அளவில் பொருந்தியவை.

இங்கே ஓர் எச்சரிக்கை. நொசிலிற் பாயும் எண்ணெயின் அமுக்கம் 150 வளிமண்டல அமுக்கத்துக்கும் மேற்பட்டது. கசிவைக் கையால் தடவிப் பார்க்கவேண்டாம். சுரையைத் தளர்த்தும்போதும் முகத்தையும் கையையும் விலக்கிவைத்து, தடித்த துணியால் மூடிக்கொள்ளுங்கள். பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்சென்றால், காயம் ஊசிமுனை அளவாயினும், நோவு இல்லாவிடினும், உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். தாமதித்தவர் விரலையோ கையையோ இழக்க நேரிடும்.

பழுது வருமுன் காப்பதே சிறந்தது. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கிடைத்த கலன்களிலெல்லாம் டீசலைச் சேமித்தோம். அப்பழக்கம் தொடருமாயின் சில விதிகளைக் கைக்கொள்ளுங்கள். நாகம் பூசிய கலனில் டீசலை வைக்கவேண்டாம். பீப்பாயைச் சற்றுச் சாய்த்து, ஒரு நாள் அசையாது வைத்து, அடியிலுள்ளதை விட்டு மேலுள்ளதை எடுங்கள். ஐயமிருந்தால் கண்ணாடிப் போத்தலில் ஊற்றிவையுங்கள். நீர் அடியில் தங்கும். மாலையில் வேலை முடிந்ததும் தாங்கியை நிரப்பினால் இரவுக் குளிரில் உள்ளே நீர் படிவது குறையும். வடித்த கழிவெண்ணெயை நிலத்தில் ஊற்றவேண்டாம். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் மாசு பற்றி 2014, 2015ஆம் ஆண்டுகளில் எழுந்த கவலையை நாம் மறத்தலாகாது. குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தில் மேலே ஊற்றியது கீழே கிணற்றைச் சேரும்.

ஆகவே, கமக்காரப் பெருமக்களே, முதல் மழைக்கு முன்னரே ஒரு நாளை எஞ்சினுக்கென ஒதுக்குங்கள். புதிய வடியொன்றும், செப்பு வாசர்கள் சிலவும், அளவான சாவிகள் இரண்டும் உழவியந்திரத்திலேயே இருக்கட்டும். பதம் தவறாமல் உழுது, பருவத்தே விதைத்து, நிறைந்த விளைவு காண்பீர்களாக.