ஏரி தூர் வார கம்பெனிப் பணம்



சேத்தியாத்தோப்பு வாலாஜா ஏரியை நெய்வேலி நிலக்கரி நிறுவனம் சமூகப் பொறுப்பு நிதியில் தூர் வாரியது கடலூர், சிதம்பரம் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். இதை தர்மம்னு நினைக்காதீங்க. 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி, வருஷத்துக்கு 5 கோடி ரூபாயோ அதற்கு மேலோ நிகர லாபம் பார்க்கும் கம்பெனி, முந்தைய 3 வருஷச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு 2 ரூபாயைப் பொதுக் காரியத்துக்குச் செலவிடணும். சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை உண்டு.

ஊழியர்கள் வந்து மரம் நட்டால் சந்தோஷம். அந்த உழைப்பை இந்தக் கணக்கில் கழிக்க முடியாது. எடுத்த நிலத்துக்குச் சட்டப்படி தரவேண்டிய இழப்பீடும் இதில் சேராது. அது வேறு, இது வேறு.

எந்த ஊருக்கு என்பதைக் கம்பெனிதான் முடிவு பண்ணும். அதனால் முந்திக்கோங்க. எந்த வாய்க்கால், என்ன சர்வே எண், எவ்வளவு நீளம்னு கிராம சபையில் தீர்மானம் போட்டு அனுப்புங்க. அழுத பிள்ளைக்குத்தானே பால்!