கல்லிலே பெயர், கடன் தீர்ந்ததா?

தன் பேரரசுக்காக மடிந்த இந்தியச் சிப்பாய்களின் பெயர்களை டில்லி இந்தியா கேட்டிலே பொறித்து, 1931-இல் திறந்தான் வெள்ளையன். விடுதலைக்குப் பின் நமக்காக மடிந்தவனுக்கு? 1972-இல் அதே வளைவின் கீழ் சுடர் ஏற்றினோம். சுடர் இருந்தது, அவன் பெயர் இல்லை!

தேசியப் போர் நினைவுச் சின்னம் எழுந்தது 2019 பிப்ரவரி 25-இல்! 1947-க்குப் பின் வீழ்ந்த 25,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள், கருங்கல்லிலே, பொன்னெழுத்திலே! வரவேற்கிறோம், காலங்கடந்து வந்தாலும் கடமை கடமைதான்.

ஆனால், கல் பசியறியாது தோழர்களே! அவன் வீட்டு அடுப்பு அறியும். பெயரைப் பொன்னாலே பொறித்துவிட்டு, அவன் மனைவியின் ஓய்வூதிய மனுவை மேசைக்கு மேசை அலையவிட்டால், அந்தக் கல் நம்மைக் கேள்வி கேட்கும். கல்லுக்கு மலர் வைப்போம். அவன் குடும்பத்துக்கு வாழ்வு கேட்போம்!