ஒரு வாளி, ஒரு மீன்தொட்டி மோட்டார்

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ‘ஹார்வர்டு யார்டு’ என்றொரு பழைய முற்றம் இருக்கிறது. மாணவர்களும் சுற்றுலாப் பயணிகளும் ஓயாமல் நடந்து நடந்து, புல்லுக்கடியில் மண் இறுகிப்போன இடம். 2008இல் அதில் ஓர் ஏக்கரை ஒதுக்கி, ரசாயன உரமும் களைக்கொல்லியும் இல்லாமல் புல் வளர்த்துப் பார்த்தார்கள். வழிகாட்டியவர் எரிக் ஃப்ளெய்ஷர். நியூயார்க்கின் பேட்டரி பார்க் சிட்டி பூங்காக்களைப் பூச்சிமருந்து இல்லாமலே பராமரித்துக் காட்டியவர் அவர்.

புல்வேர் எட்டு அங்குல ஆழம் வரை இறங்கியது. பாசனத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இந்தச் செய்தி பரவியபோது எல்லாருடைய கண்ணும் ஒரே பொருளின்மீது விழுந்தது: அங்கே பயன்படுத்திய கம்போஸ்ட் டீ.

நன்றாக மட்கிய உரத்தைத் தண்ணீரில் போட்டு, காற்று ஊதி, அதிலுள்ள பாக்டீரியாவையும் பூஞ்சையையும் நீருக்குள் இறக்கிப் பெருக்கும் முறை இது. ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த மண் நுண்ணுயிரியலாளர் எலெய்ன் இங்காம் இதைப் பரவலாக்கினார். பெரிய இயந்திரங்கள் கடையில் கிடைக்கின்றன. ஆனால் வீட்டுத் தோட்டக்காரர்கள் தாங்களே பொருத்திக்கொண்ட கருவிதான் இந்தக் கலையின் அழகான பகுதி.

இருபது லிட்டர் பிளாஸ்டிக் வாளி ஒன்று. மீன்தொட்டிக்குக் காற்றடிக்கும் சின்ன மோட்டார், ரப்பர் குழாய், குழாயின் நுனியில் குமிழி விடும் கல். பழைய நைலான் துணியில் தைத்த பை. அவ்வளவுதான் சாமான். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் நுண்ணுயிர் மடியும். ஆகவே ஒருநாள் திறந்து வைத்த தண்ணீர், இல்லாவிட்டால் மழைநீர். பையில் இரண்டு மூன்று கை உரத்தைப் போட்டு, டீத்தூள் பை போல வாளிக்குள் தொங்கவிட்டு மோட்டாரை ஓடவிடுகிறார்கள். ஒருநாள், மிஞ்சினால் ஒன்றரை நாள்.

இதில் சூட்சுமம் காற்றில்தான் இருக்கிறது. லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே ஆக்சிஜன் இறங்கக் கூடாது என்பது இத்துறையினர் வைத்திருக்கும் கணக்கு. 20 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். குளிர்நாட்டுக் குறிப்பை அப்படியே பார்த்து நம்மூர்ச் சித்திரை வெயிலில் வாளியை வைத்தால், காற்றுக்கு இருக்கும் இடைவெளி மிகக் குறைவு. நிழலில் வைப்பதும், உரத்தைக் குறைத்துப் போடுவதும் இங்கே கட்டாயம்.

சரியாக வந்ததா என்று மூக்கே சொல்லிவிடும். முதல் மழைக்குப் பிறகு வரும் மண்வாசனை அடித்தால் தெளிக்கலாம். சாக்கடை நாற்றமடித்தால் செடிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. மோட்டாரை நிறுத்திய சில மணி நேரத்துக்குள், வெயில் ஏறுமுன்போ சாய்ந்த பின்போ, துணியில் வடிகட்டிப் பூவாளியால் ஊற்ற வேண்டும். தெளிப்பான் என்றால் துளை பெரிதாக இருக்க வேண்டும், நுண்துளை அடைத்துக்கொள்ளும். முடிந்த கையோடு வாளியையும் குழாயையும் தேய்த்துக் கழுவுவது முக்கியம். குழாயின் உட்சுவரில் படியும் வழவழப்பு அடுத்த தடவை தயாரிக்கும் டீயைக் கெடுத்துவிடும். இடுக்கும் மூலையும் இல்லாத சாதாரண வாளி, சிக்கலான கருவிகளை வெல்வது இந்த இடத்தில்தான்.

சரி, பலன் எவ்வளவு? இங்கேதான் வாதம் சூடுபிடிக்கிறது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை அறிஞர் லிண்டா சாக்கர்-ஸ்காட், நோயைத் தடுக்கும் என்ற பேச்சுக்குப் போதிய ஆய்வுச் சான்று இல்லை என்று தொடர்ந்து எழுதி வருகிறார். அந்தக் குறையை ஒதுக்கித் தள்ள முடியாது. ஒருவருடைய உரம் மற்றவருடையது போல இருப்பதில்லை. வாளிக்கு வாளி சாறு மாறுகிறது. ஹார்வர்டிலும் டீ மட்டும் வேலை செய்யவில்லை. மண்ணில் மட்கிய உரத்தைக் கலந்தார்கள், இறுக்கத்தைத் தளர்த்தினார்கள், வெட்டிய புல்லை அங்கேயே விட்டார்கள். கூட்டாக நடந்த வேலையில் டீக்குப் பெயர் கிடைத்தது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நுண்ணுயிர் பெருகட்டும் என்று சேர்க்கும் கரும்பு மொலாசஸ், உரத்தில் கெட்ட கிருமி கொஞ்சம் ஒளிந்திருந்தால் அதையும் சேர்த்தே வளர்க்கிறது. ஈ.கோலை, சால்மோனெல்லா இரண்டும் இப்படிப் பெருகியதை அமெரிக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் உழவர்கள் வெல்லமும் சாணமும் கரைத்துக் கலக்கும் ஜீவாமிர்தத்துக்கும் இதே கவனம் பொருந்தும். புல்தரைக்கும் பூச்செடிக்கும் கவலை குறைவு. பச்சையாகத் தின்னும் கீரை, கொத்தமல்லி, வெள்ளரிமீது இனிப்புச் சேர்த்த சாற்றைத் தெளிக்காமலிருப்பதே நல்லது.

எனவே இதை மருந்தாக எண்ணாமல், மண்ணைப் பேணும் வேலைகளில் ஒன்றாக எடைபோடுவதே நியாயம். உரம் ஏராளமாக இருக்கும் வீட்டில் அதை நேரே மண்ணில் பரப்புவதே எளிது. பெரிய புல்தரையும் கொஞ்சம் உரமும் இருப்பவருக்கு வாளி கைகொடுக்கும். செய்து பார்க்க விரும்புகிறவர்கள் புல்தரையைக் கயிறு கட்டி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு டீயும் மறுபாதிக்கு அதே அளவு வெறும் தண்ணீரும் ஊற்றட்டும். இரண்டு மாதம் கழித்து இரண்டு பக்கமும் ஒரு கொத்துப் புல்லை வேரோடு தோண்டி, அடிக்கோலால் அளந்து பார்க்கலாம்.