பதினோராவது ஆள்

(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேச அழைத்தபோது, "கிரிக்கெட் டீம் கதையைச் சொல்லு டே" என்றார்கள். அது எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் பேச வந்தது நம் கல்லூரி ஹாக்கி அணியைப் பற்றி. "அப்படி ஒண்ணு இருந்துதா?" என்று பின்வரிசையில் யாரோ கேட்பது காதில் விழுகிறது. இருந்தது ஐயா.

நான் முதலாண்டு படித்தது 2007-08. அந்த 2008 மார்ச்சில், சிலி நாட்டின் சாந்தியாகோவில் பிரிட்டனிடம் 0-2 என்று தோற்று, 1928-க்குப் பிறகு முதன்முறையாக ஒலிம்பிக் ஹாக்கிக்குத் தகுதி பெறாமல் போனது இந்தியா. எட்டுத் தங்கம் வாங்கிய நாடு! அடுத்த மாதம் 18-ஆம் தேதி ஐ.பி.எல். தொடங்கியது. ஹாஸ்டல் டி.வி. முன்னால் கால் வைக்க இடமில்லை.

நம் மைதானத்தின் நடுவே கிரிக்கெட் பிட்ச். அதில் ஹாக்கி மட்டை பட்டால் சண்டைதான். ஆகவே விடியற்காலை ஐந்தரைக்கே போவோம். சாரல் காலத்தில் பந்து சேற்றில் உருளாது. எங்கள் கோல்கீப்பர் கட்டியது கிரிக்கெட்காரர்கள் கழித்துப்போட்ட பேடு. வார் அறுந்ததால் சணல் கயிறு.

ஒருமுறை வடசேரியில் பஸ் ஏறி, திருநெல்வேலியில் மாறி, கோவில்பட்டிக்கு ஆடப் போனோம். ஏழு கோல் வாங்கினோம். ஆனால் அங்கே டீக்கடைக்காரர்கூட கடையை விட்டுவிட்டு வந்து ஹாக்கி பார்க்கிறார்! ஒரு பெரியவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, காலு நல்லா ஓடுது, இடுப்புதான் வளைய மாட்டேங்குது. தினமும் ஆடுனா சரியாயிரும்" என்றார். தோற்ற வருத்தம் அந்த ஒரு வார்த்தையில் போயிற்று.

இனிச் சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மூன்றாம் ஆண்டில் கிரிக்கெட் அணியில் ஓரிடம் காலியானது. புது ஜெர்சி, பயணப்படி, வேடிக்கை பார்க்கக் கூட்டம். நான் போய்விட்டேன். கோல்கீப்பர் மட்டும் கேட்டான்: "மக்கா, நீ போனா நாங்க பத்துபேரு டே." பதினோராவது ஆளைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. அந்த வருடம் போட்டிக்குப் பெயர் கொடுக்க முடியவில்லை. அடுத்த வருடம் அணியே இல்லை. நானோ, கிரிக்கெட்டில் பன்னிரண்டாவது ஆளாகத் தண்ணீர் சுமந்தேன்.

1976 மான்ட்ரியாலில் செயற்கைத் தரை வந்தது, 1983-இல் கிரிக்கெட் உலகக்கோப்பை வந்தது, ஹாக்கி வீழ்ந்தது என்று காரணம் சொல்லலாம். தப்பில்லை. ஆனால் எங்கள் தொழிலில் ஒரு மெஷின் நின்றால் பக்கத்து மெஷினைக் குறை சொல்ல மாட்டோம். எந்த போல்ட் கழன்றது என்று தேடுவோம். இங்கே கழன்றது நான்.

கோவில்பட்டிக்காரர்கள் கழன்றுகொள்ளவில்லை. அங்கே பயிற்சி பெற்ற கார்த்தியும் மாரீஸ்வரனும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார்கள். பாகிஸ்தானுக்கு எதிராக கார்த்தி கோல் போட்டார். டோக்கியோவிலும் (2021) பாரிஸிலும் (2024) இந்தியா வெண்கலம் வாங்கியது.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் சிறியது. கிரிக்கெட் கோப்பையை நிறுத்த வேண்டாம். பதினாறு மட்டைகள், கோல்கீப்பருக்கு முழுக் கவசம், வாரத்தில் இரண்டு மாலை மைதானம், இவ்வளவு போதும். கவசத்தின் செலவு என்னுடையது. பதினோரு பேரைச் சேர்ப்பது மாணவர்கள் பாடு. பத்துப் பேர்தான் வந்தார்கள் என்றால் எனக்கு ஒரு போன் போடுங்கள். இடுப்பு இன்னும் வளையாது, வந்து நிற்பேன்.

அந்த கோல்கீப்பர் இன்று இந்த மண்டபத்தில்தான் இருக்கிறான். அவனிடம் இத்தனை வருடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது எல்லோர் முன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.