பிள்ளைகளின் பற்களும் புளோரைடும்

(மலாக்கா மாநிலத் தோட்டப் பெற்றோர்களுக்கான உரை)



குழாய் நீரில் கலக்கப்படும் புளோரைடு பிள்ளைகளின் அறிவை மழுங்கச் செய்யுமோ என்ற ஐயம் பெற்றோர் சிலரிடம் உண்டு. இதில் உண்மை யாதெனத் தெளிவது நம் கடமையாகும்.

புளோரைடு பாறையிலும் மண்ணிலும் இயற்கையாகவே அமைந்த பொருள். சிறிதளவே சேர்ந்தால், பல்லின் மேற்பரப்பான எனாமலை உறுதியாக்கிச் சொத்தையைத் தடுக்கும். ஆகவேதான் 1972-ஆம் ஆண்டில் நம் அமைச்சரவை குடிநீரில் அதனைச் சேர்க்க இணங்கியது. லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் என்றிருந்த அளவு, 2005-ஆம் ஆண்டில் 0.5 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் வட்டாரத்தில், கிணற்று நீரில் மிகுந்திருந்த புளோரைடு எலும்புகளை முடக்குவதை 1937-இல் மருத்துவர்கள் கண்டறிந்தனர். தமிழ்நாட்டின் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் இத்துன்பத்தை அனுபவித்தவையே. அங்கு ஒகேனக்கல் காவிரி நீரை வழங்கும் திட்டம் 2013-இல் தொடங்கப்பெற்றது.

உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த உச்ச வரம்பு 1.5 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட அளவு, பிள்ளைகளின் அறிவுத்திறன் குறைவோடு தொடர்புடையது என அமெரிக்க அரசின் நச்சியல் ஆய்வுத் திட்டம் 2024-இல் அறிவித்தது. 0.7 மில்லிகிராம் அளவில் பாதிப்பு உண்டா எனத் தீர்மானிக்கப் போதிய சான்றில்லை என்றும் அது கூறியது. நமது அளவோ அவ்வரம்பில் மூன்றிலொரு பங்கே.

ஆயினும் வீட்டில் நாம் கவனிக்க வேண்டியது பற்பசையாகும். ஏறத்தாழ எட்டு வயது வரை நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகின்றன. அப்பருவத்தில் பற்பசையை விழுங்கி வந்தால், பின்னர் முளைக்கும் பற்களில் வெண்திட்டுகள் தோன்றலாம். மூன்று வயதிற்குட்பட்டோருக்கு அரிசியளவும், ஆறு வயது வரை பட்டாணியளவும் போதும். விடியற்காலையில் பால்மரம் வெட்டச் செல்லும் பெற்றோர், வீட்டிலிருக்கும் மூத்த பிள்ளைக்கோ பாட்டிக்கோ இதனைச் சொல்லி வைக்க வேண்டும். துலக்கியபின் நுரையைத் துப்பப் பழக்குங்கள்.

கிணற்று நீரையோ ஆழ்குழாய் நீரையோ பருகுவோர், அதனைச் சோதிக்கும்படி மாவட்டச் சுகாதார அலுவலகத்தை நாடுங்கள். கொதிக்க வைத்தால் கிருமிகள் மடியும், புளோரைடு நீங்காது. பல்லில் திட்டோ சொத்தையோ தென்பட்டால், அரசாங்கப் பல் மருத்துவ நிலையத்தில் காட்டுங்கள்.

அச்சத்தால் நல்ல நீரை ஒதுக்க வேண்டாம். அசட்டையால் பிள்ளைகளைப் பற்பசை விழுங்க விடவும் வேண்டாம்.